ஐந்து பைட்டில் ஒரு கணக்கு: கோபோல் ஏன் இன்னும் ஓடுகிறது

அமெரிக்க வங்கி ஒன்றில் ஒருவருடைய கணக்கில் 12,345 டாலர் 67 சென்ட் இருக்கிறது. அந்த வங்கியின் மெயின்பிரேமில், அதாவது மையமான பெரிய கணினியில், கோபோல் என்ற ப்ரோகிராமிங் மொழி ஓடுகிறதென்றால், அந்தத் தொகைக்கான இடம் பெரும்பாலும் இப்படித்தான் அறிவிக்கப்பட்டிருக்கும்: பிக் எஸ்9(7)வி99 காம்ப்-3. கோபோலைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அதன் வயதில் தொடங்குவார்கள். நான் இந்த ஒரு வரியில் தொடங்குகிறேன். கோபோல் இன்னும் போகாமல் இருப்பதற்கான காரணத்தில் பாதிக்கு மேல் இதற்குள்தான் இருக்கிறது.

எஸ் என்றால் கூட்டல், கழித்தல் குறி உண்டு என்று பொருள். 9(7) என்றால் ஏழு இலக்கம். வி என்பது தசமப்புள்ளி இருக்கவேண்டிய இடம். அது கம்பைலருக்கு, அதாவது எழுதியதை இயந்திரக் கட்டளையாக மாற்றும் மென்பொருளுக்கு, மட்டுமே தெரியும். ஃபைலில் அதற்கென்று இடம் கிடையாது. 99 என்பது சென்ட். காம்ப்-3 என்றால் பேக்டு டெசிமல்: ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி. ஒன்பது இலக்கமும் ஒரு குறியும் சேர்ந்து பத்து அரை பைட், அதாவது ஐந்து பைட். ஹெக்ஸில், அதாவது ஒவ்வொரு அரை பைட்டையும் 0 முதல் 9, ஏ முதல் எஃப் என்று ஒரு குறியாக எழுதும் முறையில், பார்த்தால் 00 12 34 56 7சி. அதே தொகை கழித்தலில் இருந்தால் கடைசி பைட் 7டி. இலக்கங்களின் எண்ணிக்கையை இரண்டால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, ஒன்றைக் கூட்டினால் எத்தனை பைட் என்று வந்துவிடும். எட்டு இலக்கம் என்று அறிவித்தாலும் அதே ஐந்து பைட்தான். அரை பைட் வீண். அதனால்தான் நன்றாக எழுதப்பட்ட பழைய ப்ரோகிராம்களில் தொகைகள் எல்லாம் 5, 7, 9, 11 என்று ஒற்றைப்படை இலக்கத்திலேயே இருக்கும்.

மெயின்பிரேமின் எடிட்டர் இருக்கும் ஐஎஸ்பிஎஃப்-இல் ஃபைலைத் திறந்து ஹெக்ஸ் ஆன் என்று அடித்தால் ஒவ்வொரு பைட்டும் மேலும் கீழுமாகப் பிரிந்து தெரியும். மேல் வரியில் 01357, கீழ் வரியில் 0246சி. மேலிருந்து கீழாக, மேலிருந்து கீழாக என்று படிக்கவேண்டும்: 00, 12, 34, 56, 7சி. மெயின்பிரேம் வேலைக்கு வருகிறவர் முதல் வாரத்திலேயே கண்ணுக்குப் பழக்கவேண்டியது இதைத்தான்.

இதில் என்ன பெரிய விஷயம்? பணத்தை இருமத்தில் வைக்கும் ஃப்ளோட்டில் பத்து சென்ட்டைச் சரியாக எழுதவே முடியாது. 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதைப் பெரும்பாலான ப்ரோகிராமர்கள் பார்த்திருப்பார்கள். பேக்டு டெசிமலில் பத்து சென்ட் என்பது பத்து சென்ட்தான். அதைவிட முக்கியமானது, இந்தப் பத்தடிமானக் கூட்டல் கழித்தலை மெயின்பிரேமின் பிராசஸரே செய்கிறது. 1964 ஏப்ரலில் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையிலேயே அதற்கான கட்டளைகள் இருந்தன. இன்றைய இசட் வரிசையிலும் இருக்கின்றன. கோபோலில் ஒரு ஆட் வரி கிட்டத்தட்ட நேரடியாக அந்தக் கட்டளையாக மாறுகிறது. ஜாவாவின் பிக்டெசிமலும் சரியான விடையைத் தரும். ஆனால் ஒவ்வொரு கூட்டலுக்கும் ஒரு புது ஆப்ஜெக்ட் பிறக்கும். ஒரு ஸ்க்ரீனுக்கு அது பொருட்டில்லை. ஓர் இரவில் லட்சக்கணக்கான கணக்குகளுக்கு வட்டி போடும்போது அது நேரமாகவும் மெமரியாகவும் வந்து நிற்கும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959 மே மாதக் கடைசியில் பென்டகனில் கூடிய கூட்டத்திலிருந்து கோடாசில் என்ற குழு பிறந்தது. அது உருவாக்கிய மொழி கோபோல். கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் மொழி அதற்கு முக்கியமான அடித்தளம். 1960 டிசம்பரில் ஒரே ப்ரோகிராம் யூனிவாக் 2, ஆர்சிஏ 501 என்ற இரண்டு வேறு கம்பெனிகளின் இயந்திரங்களில் ஓடிக் காட்டியது. இயந்திரத்தை மாற்றினாலும் ப்ரோகிராமைத் தூக்கி எறிய வேண்டாம் என்பதுதான் கோபோல் முதல் நாளிலேயே கொடுத்த வாக்கு. அதை இன்றும் காப்பாற்றி வருகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் கம்பைல் செய்த லோட் மாட்யூல்கள் (இயந்திரம் ஓட்டும் வடிவம்), எழுதிய மூலமான சோர்ஸே தொலைந்துபோனவைகூட, இன்றைய மெயின்பிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் ஓடுகின்றன. மற்ற இடங்களில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஃப்ரேம்வொர்க் மாற்றி எழுதுவது சாதாரணம். இங்கே அந்தச் செலவு எழவே இல்லை என்பதால்தான் பழையது நின்றது.

ஸ்க்ரீனில் வாடிக்கையாளர் பார்ப்பது வேறு எதுவாகவும் இருக்கலாம். கணக்கு உண்மையில் தீர்வது இரவு பேட்ச்சில், அதாவது அன்றைய வேலையை மொத்தமாக முடிக்கும் ப்ரோகிராம் வரிசையில். நியூயார்க்கில் நள்ளிரவு 12 மணி என்றால் சென்னையில் குளிர்காலத்தில் காலை 10:30, கோடையில் 9:30. அவர்களுடைய பேட்ச் ஓடும் நேரம் நம் ஊர் அலுவலக நேரத்தில் விழுவது, இந்தப் பராமரிப்பு வேலை சென்னைக்கு இவ்வளவு வந்ததற்கு ஒரு காரணம்.

பேட்ச்சின் உருவம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அன்றைய பரிவர்த்தனைகள் ஒரு ஃபைலில் சேரும். அதைச் சரிபார்க்கும் ப்ரோகிராம், பிறகு கணக்கு எண்படி சார்ட், பிறகு மாஸ்டர் ஃபைலோடு ஒப்பிட்டுப் புதுப்பிக்கும் ப்ரோகிராம், பிறகு வட்டி, பிறகு ரிப்போர்ட். இப்படிப்பட்ட ஒரு வரிசை ஒரு ஜாப்; அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் மொழி ஜேசிஎல். ஒவ்வொரு கட்டமும் ஜேசிஎல்லில் ஒரு ஸ்டெப். ஒவ்வொரு ஸ்டெப்பும் ஒரு ரிட்டர்ன் கோட் கொடுக்கும்: 0 நன்று, 4 எச்சரிக்கை, 8-உம் அதற்கு மேலும் கோளாறு.

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் காண்ட் பராமீட்டர். ஒரு ஸ்டெப்பில் காண்ட்=(4,எல்டி) என்று இருந்தால், "ரிட்டர்ன் கோட் 4-ஐவிடக் குறைவாக இருந்தால் ஓட்டு" என்றுதான் யாருக்கும் தோன்றும். பொருள் நேர் எதிர்: 4 என்பது முந்தைய ரிட்டர்ன் கோடைவிடச் சிறியதாக இருந்தால், இந்த ஸ்டெப்பைத் தாண்டிப் போ. இரண்டு திருப்பம் ஒரே வரியில். புதிதாக எழுதுகிறவர்கள் இஃப், தென், எல்ஸ் பயன்படுத்துவதே நல்லது. பழையதைப் படிக்கும்போது மட்டும், "முன்னால் இருக்கும் எண், பின்னால் வந்த கோட், உண்மையானால் தாண்டு" என்று மனசுக்குள் சொல்லிப் படியுங்கள்.

இரண்டாவது இடம் ஜிடிஜி. ஒவ்வொரு நாளும் ஒரு புதுத் தலைமுறை ஃபைல். இன்று உருவாக்குவது (+1), கடைசியாக உள்ளது (0), அதற்கு முந்தையது (-1). இந்த எண்கள் ஜாப் முழுவதற்கும் ஒன்றாகக் கணக்கிடப்படும். முதல் ஸ்டெப் (+1)-ஐ உருவாக்கினால் ஐந்தாவது ஸ்டெப்பும் அதை (+1) என்றே படிக்கும். ஐந்தாவது ஸ்டெப்பில் ஜாப் விழுந்து, அங்கிருந்து ரீஸ்டார்ட் செய்தால், இப்போது அது புது ஜாப். முன்பு உருவான ஃபைல் (0) ஆகிவிட்டது. ஜேசிஎல்லில் (+1) என்றே விட்டால் இல்லாத ஃபைலைத் தேடி மறுபடி விழும். (0) என்று மாற்றித்தான் ஓட்டவேண்டும், முடிந்ததும் மறக்காமல் பழையபடி திருப்பி வைக்கவேண்டும். திருப்ப மறந்தால் மறுநாள் அந்த ஸ்டெப் முந்தைய நாள் ஃபைலை அமைதியாகப் படிக்கும். ரிட்டர்ன் கோட் 0. யாருக்கும் தெரியாது.

இடப் பிரச்சினையும் வரும். ஃபைலுக்கு டிஸ்க்கில் இடம் கேட்கும் ஜேசிஎல் வரியில் எஸ்பிஏசிஇ=(சில்,(100,20)) என்று இருந்தால் முதலில் 100 சிலிண்டர், பிறகு 20-20 ஆக 15 முறை; ஆக ஒரு டிஸ்க்கில் 400 சிலிண்டர். 200 பைட் ரெக்கார்டு, 27,800 பைட் பிளாக் என்றால் 3390 டிஸ்க்கின் ஒரு ட்ராக்கில் இரண்டு பிளாக், அதாவது 278 ரெக்கார்டு. ஒரு சிலிண்டருக்கு 15 ட்ராக். மொத்தம் 16,68,000 ரெக்கார்டு கொள்ளும். வங்கி வளர்ந்து அந்த எண்ணைத் தாண்டும் இரவில், இடம் போதவில்லை என்று சொல்லும் எஸ்பி37 கோளாறு வரும். ப்ரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. "நேற்றுவரை ஓடியதே" என்பார்கள். இந்தப் பெருக்கலை முன்கூட்டியே போட்டு, 80 சதவீதம் நிறையும்போதே மாற்றி வைப்பதுதான் பராமரிப்பு.

ஆனால் எல்லா மெயின்பிரேம் அறைகளிலும் அதிகம் உச்சரிக்கப்படும் பெயர் எஸ்0சி7. டேட்டா எக்செப்ஷன். பேக்டு டெசிமல் என்று நம்பிக் கூட்டப் போன இடத்தில் அது பேக்டு டெசிமலாக இல்லை என்பதுதான் பொருள். பெரும்பாலும் அங்கே ஸ்பேஸ் இருக்கும். மெயின்பிரேமின் எழுத்துமுறையான எப்சிடிக்கில் ஸ்பேஸ் என்பது 40. நம் ஐந்து பைட்டில் 40 40 40 40 40. 4-உம் 0-உம் இலக்கங்கள்தாம். அதில் பிராசஸருக்குத் தடையில்லை. கடைசி அரை பைட்டில் குறி இருக்கவேண்டும். ஏ முதல் எஃப் வரை ஏதேனும் ஒன்றுதான் குறி ஆகும். அங்கே 0 நிற்கிறது. கட்டளை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஸ்பேஸ் எப்படிப் போனது? 01 மட்டத்தில் உள்ள முழு ரெக்கார்டுக்கும் மூவ் ஸ்பேசஸ் என்று எழுதியிருப்பார்கள். பல ஃபீல்டுகள் சேர்ந்த குரூப் எப்போதும் எழுத்தாகவே கருதப்படும்; உள்ளே இருக்கும் தொகைகளிலும் 40 நிரம்பிவிடும். இனிஷியலைஸ் என்று எழுதியிருந்தால் எழுத்துக்கு ஸ்பேஸ், எண்ணுக்குப் பூஜ்யம் என்று இனம் பார்த்து நிரப்பியிருக்கும். இது எளிய காரணம். கடினமானது, பல ப்ரோகிராம்கள் பகிரும் ரெக்கார்டு அமைப்பான காப்பிபுக்கில் நடுவே ஒரு பைட் கூட்டிவிட்டு, அதைப் பயன்படுத்தும் பதினைந்து ப்ரோகிராமில் பதினான்கை மட்டும் மறுபடி கம்பைல் செய்திருப்பது. விட்டுப்போன ஒன்று எல்லாவற்றையும் ஒரு பைட் தள்ளிப் படிக்கும்.

கண்டுபிடிக்கும் வழி இது. ஜாப் லாகில் சிஇஇ3207எஸ் என்ற செய்தியைத் தேடுங்கள். எந்த ப்ரோகிராம், எந்த ஆஃப்செட் (ப்ரோகிராமின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்) என்று அதில் இருக்கும். அந்த ப்ரோகிராமின் கம்பைல் லிஸ்டிங்கை எடுங்கள். லிஸ்டிங்கில் உள்ள கம்பைல் தேதியும் நேரமும் ஓடுகிற லோட் மாட்யூலோடு பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் ஆஃப்செட் உங்களைத் தவறான வரிக்குக் கூட்டிப்போகும். ஆஃப்செட் ஆப்ஷனோடு கம்பைல் செய்திருந்தால் வரி எண் கிடைத்துவிடும். அந்த வரியில் உள்ள எண் ஃபீல்டுகளை டம்ப்பில், அதாவது ஜாப் விழுந்த கணத்து மெமரிப் பதிவில், பாருங்கள். எதன் கடைசி அரை பைட் குறியாக இல்லையோ அதுதான். பிறகு எத்தனையாவது ரெக்கார்டு என்று பார்த்து, இன்புட் ஃபைலை ஹெக்ஸ் ஆனில் திறந்து அதே பைட்டுகள் அங்கேயும் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். இருந்தால் குற்றம் இந்த ப்ரோகிராமில் இல்லை. அந்த ஃபைலை எழுதியவரிடம் போகவேண்டும்.

இங்கே ஒரு வழக்கத்தைக் கடுமையாக எதிர்க்கிறேன். நடு இரவில் ஜாபை ஓடவைக்கும் அவசரத்தில், "நியூமெரிக்காக இல்லாவிட்டால் பூஜ்யம் போடு" என்று ஒரு இஃப் சேர்ப்பார்கள். ஜாப் ஓடிவிடும். ஒரு வாடிக்கையாளரின் தொகை பூஜ்யமாகிவிடும். ஃபைலின் கடைசியில் உள்ள ட்ரெய்லர் ரெக்கார்டில் மொத்த எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இருக்கும் இடங்களில் அது மாட்டிக்கொள்ளும். இல்லாத இடங்களில் மாதக் கடைசி வரை யாருக்கும் தெரியாது. கெட்ட ரெக்கார்டைத் தனி ஃபைலில் தள்ளி, எண்ணி, ரிட்டர்ன் கோட் 4 கொடுங்கள். பூஜ்யம் போடாதீர்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். பஞ்ச் கார்டு காலத்து 80 பத்தி அமைப்பு இன்றும் பல இடங்களில் நடப்பில் இருக்கிறது: 1 முதல் 6 வரிசை எண், 7-இல் நட்சத்திரம் போட்டால் குறிப்புரை, 8-இல் ஏ பகுதி, 12 முதல் 72 வரை பி பகுதி. 72-க்கு அப்பால் எழுதியதைக் கம்பைலர் பார்க்காது. 1000 என்று எழுதியதன் கடைசிப் பூஜ்யம் 73-ஆம் பத்தியில் விழுந்தால் மதிப்பு 100. பிழைச் செய்தியே வராது. அடுத்தது முற்றுப்புள்ளி. எண்ட்-இஃப் 1985 தரத்தோடுதான் வந்தது. அதற்கு முந்தைய கோடில் இஃப் எங்கே முடிகிறது என்பதை முற்றுப்புள்ளிதான் சொல்லும். நடுவே ஒரு வரியைச் சேர்த்து, பழக்கத்தில் அதன் முடிவில் புள்ளி வைத்தால், அதற்குக் கீழே உள்ளவை நிபந்தனையிலிருந்து வெளியே வந்து எல்லாக் கணக்குக்கும் ஓடும்.

இனி வட்டி. மொழியை மாற்றுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 10,000 டாலருக்கு ஆண்டுக்கு 3.5 சதவீதம். ஒரு நாளைக்கு 350-ஐ 365-ஆல் வகுக்க 0.9589 டாலர். கோபோலில் கம்ப்யூட் வரியில் ரவுண்டட் என்று எழுதாவிட்டால் மிச்சம் வெட்டப்படும்: 0.95. எழுதினால் 0.96. முப்பது நாளுக்கு முதலாவது 28.50, இரண்டாவது 28.80. தினமும் வெட்டாமல் தசமங்களை அப்படியே சேர்த்து வைத்து மாதக் கடைசியில் ஒருமுறை முழுமையாக்கினால் 28.77. மூன்றும் தவறில்லாத கணக்கு; எது வங்கியின் விதி என்பதுதான் கேள்வி. அந்த விதி பெரும்பாலும் எந்த ஆவணத்திலும் இருக்காது. ரவுண்டட் என்ற ஒரு சொல் அந்த வரியில் இருக்கிறதா இல்லையா என்பதில் மட்டுமே இருக்கும்.

இதைவிட ஆழமான ஒன்று இடைநிலை விடை. இருப்பு, விகிதம், வட்டி என்ற மூன்று ஃபீல்டுகளுமே இரண்டு தசமம் என்று வையுங்கள். விகிதத்தை 36500-ஆல் (365 நாள், சதவீதத்துக்கு 100) வகுத்து, பிறகு இருப்பால் பெருக்கினால் ஐபிஎம் கோபோலில் விடை பூஜ்யம். வகுத்தலின் இடைநிலை விடைக்கு எத்தனை தசமம் என்பதை, அந்த வரியில் உள்ள ஃபீல்டுகளின் தசமங்களில் பெரியதை வைத்துக் கம்பைலர் முடிவு செய்யும். வகு எண் அதில் சேராது. 3.50-ஐ 36500-ஆல் வகுத்தால் 0.0000958, இரண்டு தசமத்துக்கு வெட்டினால் 0.00. முதலில் பெருக்கி, கடைசியில் வகுத்தால் 0.95 சரியாக வரும். பழைய ப்ரோகிராம்களில் பெருக்கல் எப்போதும் முன்னால் இருப்பதற்குக் காரணம் இதுதான். இதை அறியாத ஒருவர், படிக்க அழகாக இருக்கட்டும் என்று வரிசையை மாற்றினால் அந்த நாள் வட்டி எல்லோருக்கும் பூஜ்யம்.

வீட்டிலேயே பார்க்கலாம். க்னூகோபோல் இலவசம், உபுண்டுவில் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். மேலே சொன்ன மூன்று ஃபீல்டுகளையும் அறிவித்து, இரண்டு வரிசையிலும் கம்ப்யூட் எழுதி ஓட்டுங்கள். அது இடைநிலை விடையை நீண்ட தசமத்தில் வைத்துக்கொள்வதால் இரண்டுமே 0.95 தரும். பிறகு அரித்மெட்டிக்-ஓஎஸ்விஎஸ் என்ற ஆப்ஷனோடு கம்பைல் செய்து, பழைய ஐபிஎம் முறையில் தசமம் வெட்டப்படும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். சோர்ஸில் ஒரு எழுத்தும் மாறவில்லை, கம்பைலர் மாறியதும் பணம் மாறுகிறது. ஜாவாவுக்குப் போனால் பிக்டெசிமலில் வகுக்கும்போது எத்தனை தசமம், எப்படி முழுமையாக்குவது என்று நீங்களே சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் முடிவில்லாத தசமம் வரும் இடத்தில் ப்ரோகிராம் எக்செப்ஷன் கொடுத்து நின்றுவிடும். அது நின்றுவிடுவது நல்லது. டபுள் பயன்படுத்தினால் நிற்காது, பிசகும்.

டேட்டாவை நகர்த்துவதில் உள்ள ஆபத்து இன்னும் மோசம். மெயின்பிரேம் ஃபைலை எஃப்டிபியில் டெக்ஸ்ட் முறையில் லினக்ஸுக்கு இறக்குகிறார்கள் என்று வையுங்கள். வழியில் எல்லா பைட்டும் எப்சிடிக்கிலிருந்து லினக்ஸ் பக்கத்து எழுத்துமுறையான ஆஸ்கிக்கு மாறும். பெயரும் முகவரியும் அழகாக வந்து சேரும். நம் தொகையின் கடைசி பைட் 7சி எப்சிடிக்கில் அட் குறி. ஆஸ்கியில் அது 40. குறி இருந்த இடத்தில் 0. இது பரவாயில்லை, படிக்கும்போதே பிழை வரும். 125 டாலர் 05 சென்ட்டைப் பாருங்கள்: 00 00 12 50 5சி. இதில் 50 என்பது ஆம்பர்சேண்ட், ஆஸ்கியில் 26. 5சி என்பது நட்சத்திரம், ஆஸ்கியில் 2ஏ. 00-உம் 12-உம் மாறாது. விளைவு 00 00 12 26 2ஏ. ஏ என்பதும் கூட்டல் குறியாகச் செல்லும். ஆகவே இது முறையான பேக்டு டெசிமல்: 122 டாலர் 62 சென்ட். எந்தப் பிழைச் செய்தியும் கிடையாது. 2 டாலர் 43 சென்ட் காணவில்லை. ஃபைலை பைனரியில் இறக்கி, காப்பிபுக்கைப் பார்த்து எழுத்து ஃபீல்டுகளை மட்டும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

காப்பிபுக்கைப் பார்த்து மாற்றுவதும் நேர்வழி இல்லை. ரீடிஃபைன்ஸ் என்று ஒன்று உண்டு: முதல் எழுத்து எச் என்றால் இந்த இருபது பைட் தலைப்பு, டி என்றால் அதே இருபது பைட் தொகை. எது எது என்பதை ப்ரோகிராமின் இஃப்தான் அறியும். மாற்றும் கருவிக்குத் தெரியாது. நீங்கள் சொல்லித் தரவேண்டும். 88 மட்ட வரிகளையும் தவறவிடாதீர்கள். ஸ்டேட்டஸ் ஏ, டி, எக்ஸ் என்றால் கணக்கு உயிரோடு இருக்கிறது என்பது போன்ற வணிக விதிகள் அங்கேதான் ஒரு வரியில் கிடக்கும்.

சார்ட் வரிசையும் தலைகீழ். எப்சிடிக்கில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, பிறகு எண். ஆஸ்கியில் எண், பெரிய எழுத்து, சிறிய எழுத்து. கணக்கு எண்ணில் எழுத்தும் எண்ணும் கலந்திருந்தால், வரிசையாக வரும் இரண்டு ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ப்ரோகிராம் பாதியிலேயே தடம் மாறி, இருக்கும் கணக்குகளை இல்லை என்று சொல்லும்.

தேதியைப் பற்றி ஒரு தவறான செய்தியைத் திருத்தவேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க சமூகப் பாதுகாப்புப் பதிவுகளில் 150 வயதுக்காரர்கள் இருப்பதாகப் பேச்சு எழுந்தபோது, கோபோலில் தேதி இல்லாவிட்டால் தானாக 1875 என்று விழும் என்று பலர் பகிர்ந்தார்கள். அப்படி ஒன்று கிடையாது. இந்த ஃபைல்கள் எழுதப்பட்ட கோபோலில் தேதி என்ற இனமே இல்லை. ஆறு இலக்கமோ எட்டு இலக்கமோ உள்ள எண்தான். பின்னால் சேர்ந்த இன்டிஜர்-ஆஃப்-டேட் ஃபங்ஷன் நாள்களை எண்ணத் தொடங்குவது 1601 ஜனவரி 1-இலிருந்து. உண்மையான தேதிப் பிரச்சினை வேறு. 2000-ஆம் ஆண்டுக்காகத் திருத்தியபோது பல இடங்களில் நான்கு இலக்க ஆண்டாக விரிக்காமல், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் 50-க்குக் கீழ் என்றால் முன்னால் 20, மேலே என்றால் 19 என்று ஒரு எல்லை வைத்தார்கள். எல்லை எண் ப்ரோகிராமுக்கு ப்ரோகிராம் வேறுபடும். முப்பது வருடக் கடனின் முடிவுத் தேதி இப்போதே 2050-ஐத் தாண்டுகிறது. சோர்ஸில் இந்த எல்லை எண்களைத் தேடிப் பட்டியல் எடுக்காத நிறுவனம் இந்த வருடமே எடுக்கவேண்டும்.

அப்படியானால் மாற்றவே கூடாதா? மாற்றலாம், ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி தன் மைய அமைப்பை மாற்றிக் காட்டியது. சுமார் ஐந்து ஆண்டும் 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேலும் ஆயிற்று. அந்த அளவு பொறுமையும் பணமும் இல்லாதவர்கள், கோபோலை அங்கேயே விட்டு, ஆன்லைன் பரிவர்த்தனைகளைக் கவனிக்கும் சிஐசிஎஸ் ப்ரோகிராம்களுக்கு முன்னால், வெளி மென்பொருள் அழைக்கும் வாசலாக ஏபிஐ வைத்து மொபைல் ஆப்புக்குக் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் அடி இதுவாகவே இருக்கவேண்டும். கருவியை வைத்துக் கோபோலைத் தானாக ஜாவாவாக மாற்றினால் வருவது ஜாவா இலக்கணத்தில் எழுதிய கோபோல். இந்தத் தொழிலில் அதற்கு ஜோபோல் என்றே பெயர். கோபோல்காரருக்கும் படிக்கத் தெரியாது, ஜாவாக்காரருக்கும் புரியாது.

அதே மெயின்பிரேமிலேயே கம்பைலரை 4-ஆம் பதிப்பிலிருந்து 6-க்கு ஏற்றுவதுகூடச் சும்மா நடக்காது. பழைய கம்பைலர் கெட்ட டேட்டாவை, உதாரணமாக காம்ப்-3 அல்லாத, ஒரு பைட்டுக்கு ஒரு இலக்கமாக எழுதும் எண் ஃபீல்டில் இருக்கும் ஸ்பேஸை, தற்செயலாகப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு ஓடியிருக்கும். புதிய கம்பைலர் வேறு கட்டளைகளைத் தேர்ந்தெடுப்பதால் அதே டேட்டாவுக்கு வேறு விடை வரும். சோதனைக் கம்பைலில் நம்செக், எஸ்எஸ்ரேஞ்ச் இரண்டையும் போட்டு, கெட்ட டேட்டாவையும் டேபிள் எல்லை தாண்டுவதையும் முதலில் பிடியுங்கள். வேகம் குறையும், அதனால் ப்ரொடக்ஷனுக்குப் போகுமுன் நம்செக்கை எடுத்துவிடலாம். 5-ஆம் பதிப்பிலிருந்து லோட் மாட்யூல்களுக்குப் பிடிஎஸ்இ என்ற புதுவகை லைப்ரரி கட்டாயம். பழைய பிடிஎஸ்ஸில் லிங்க் செய்யவே முடியாது. இதைத் திட்டத்தில் எழுத மறந்து கடைசி வாரத்தில் திணறுகிறவர்கள் உண்டு.

எந்த வழியில் போனாலும் பழையதும் புதியதும் ஒரே இன்புட்டில் இணையாக ஓடவேண்டும். சாதாரணச் செவ்வாய்க்கிழமையை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, டிசம்பர் 31, பிப்ரவரி 29, மூன்று நாள் விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் வேலை நாள் ஆகிய ஐந்தும் இருக்கவேண்டும். இரண்டு அவுட்புட்டையும் ஒரே எழுத்துமுறைக்குக் கொண்டுவந்து, கணக்கு எண்படி சார்ட் செய்து, ஃபீல்டு ஃபீல்டாக ஒப்பிடுங்கள். மொத்தத் தொகை பொருந்துகிறது என்பது போதாது. ஒருவருக்கு ஒரு சென்ட் கூடி இன்னொருவருக்கு ஒரு சென்ட் குறைந்தாலும் மொத்தம் பொருந்தும். ஒரு சென்ட் வித்தியாசம் வந்தால் "முழுமையாக்கலில் வந்தது" என்று தள்ளாதீர்கள். எந்த வரியில் ரவுண்டட் இருக்கிறது, எந்த வரியில் இல்லை, வகுத்தல் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று பாருங்கள். அந்த ஒரு சென்ட்டுக்குக் காரணமான வரி கிடைக்கும்வரை பழைய ஜாபை நிறுத்தக்கூடாது.